கிளைம் தொகை மழைமானி ஆகாது

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நாளேடுகளின் வணிகப் பக்கத்தில் ஒரே அச்சில் வார்த்த செய்தி வரும். இத்தனை சென்டிமீட்டர் மழை, இத்தனை ஆயிரம் கிளைம்கள், காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டிய தொகை இத்தனை நூறு கோடி. இரண்டு எண்களையும் அருகருகே வைத்ததும் நடுவில் ஓர் 'ஆகவே' தானாக முளைத்துவிடுகிறது. மழை கொட்டியது, ஆகவே கிளைம் கூடியது. கிளைம் முன்னெப்போதையும்விடக் கூடியிருக்கிறது, ஆகவே மழையும் முன்னெப்போதும் பெய்யாத மழை. அதிகாரிகளும் தொலைக்காட்சி விவாதக்காரர்களும் காப்பீட்டுத் துறையினரில் ஒரு பகுதியினரும் இதை விளக்கம் தேவைப்படாத உண்மையாகவே பேசுகிறார்கள்.

இது தவறு. காப்பீடு செய்யப்பட்ட சேதத்தின் தொகை மழையை அளப்பதில்லை. தாழ்ந்த நிலத்தில் யார் எதைக் கட்டினார்கள், அதில் யார் கையில் பாலிசி இருந்தது, அந்தப் பாலிசி எதை ஏற்றது, எதை ஏற்கவில்லை என்பதைத்தான் அது அளக்கிறது. மழை அந்தக் கணக்கில் ஓர் உறுப்பு. பல நேரங்களில் பெரிய உறுப்பும் அல்ல.

தமிழ்நாட்டின் இரண்டு டிசம்பர்களை எடுத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அந்த ஆண்டின் சென்னை வெள்ளத்தில் காப்பீடு செய்யப்பட்ட இழப்பு ஏறத்தாழ 75 கோடி டாலர் என்று, காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனமான சுவிஸ் ரீ மதிப்பிட்டது. இந்தியக் காப்பீட்டு வரலாற்றின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று அது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. தாம்பரத்து மழையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 செ.மீ.க்கு மேல். தாமிரபரணி கரை புரண்டது. ஏரல் கடைத்தெரு மூழ்கியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். மழையளவுதான் கணக்கு என்றால் கிளைம் தொகையிலும் காயல்பட்டினம் சென்னையை விஞ்சியிருக்க வேண்டும். விஞ்சவில்லை. விஞ்சவும் முடியாது. அங்கே நீரில் போனவை வாழைத் தோட்டங்கள், உப்பளங்கள், ஆடு மாடுகள், ஓட்டு வீடுகள், வீட்டுக்குள் இருந்த அரிசியும் துணியும் பத்திரங்களும். இவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் தீ மற்றும் வெள்ளக் காப்பீட்டுப் பாலிசி என்ற ஒன்று எழுதப்பட்டதே இல்லை.

சென்னையின் 75 கோடி டாலர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இந்தியாவில் தன் விருப்பத்தால் வீட்டுக்குக் காப்பீடு எடுப்பவர்கள் மிகக் குறைவு. பாலிசி பெரும்பாலும் வங்கியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சரக்கை ஈடாக வைத்துக் கடன் வாங்கிய சிறுதொழிற்சாலைக்காரரிடம் வங்கி பாலிசி கேட்கும். கடனில் வாங்கிய காருக்கும் முழுக் காப்பீடு வேண்டும் என்று சொல்லும். கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பகுதிகளின் பட்டறைகளும் கிடங்குகளும், அடுக்குமாடிகளின் தரைக்கீழ்த் தளங்களில் நின்றிருந்த கார்களும், பெருநிறுவனங்களின் இயந்திரங்களும்தான் அந்த எண்ணை ஏற்றியவை. அதாவது அந்தத் தொகையின் வரைபடத்தை விரித்தால் தெரிவது மழை பெய்த இடங்கள் அல்ல, வங்கிக் கடன் போன இடங்கள்.

அதே சென்னையில் அடையாற்றின் கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு எல்லாமே போயிற்று. கிளைம் கணக்கில் அவர்களின் இழப்பு பூஜ்யம். அரசு குடிசை இழந்த குடும்பத்துக்கு 10,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பின்னர் ஆற்றோரக் குடும்பங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் குடியேற்றினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய, மழைக்கு மழை தண்ணீர் தேங்கும் இடம் அது. அங்கே நாளை எவ்வளவு வெள்ளம் வந்தாலும் காப்பீட்டு அட்டவணையில் ஒரு ரூபாய்கூட ஏறாது. அந்த அட்டவணையைப் பார்த்து வெள்ளத்தின் கடுமையை எடைபோடுகிறவர், இந்த மக்களுக்கு வெள்ளமே வரவில்லை என்று சொல்வதற்குச் சமமானதைச் செய்கிறார்.

இன்னொன்றும் உண்டு. சேதம் நடந்த இடமும் மழை பெய்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்த அதே 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ.தான். சைதாப்பேட்டையையும் ஜாஃபர்கான்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தது அவற்றின் தலைக்கு மேல் பெய்த நீர் மட்டும் அல்ல. மேற்கே, நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏற்கெனவே நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்த ஏரிகளின் உபரிநீர் மொத்தமும் அடையாற்றில் சேர்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. ஏரி காலியாக இருந்திருந்தால், போக்குக் கால்வாய்கள் அடைபடாமல் இருந்திருந்தால், முடிச்சூரின் ஆற்றுப் படுகையில் மனைகள் போடப்படாமல் இருந்திருந்தால் அதே 49 செ.மீ. வேறொரு தொகையைத்தான் தந்திருக்கும். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. 2018ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட அந்த அறிக்கைக்குப் பிறகும் மழையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை ஏற்பதற்கில்லை.

மும்பைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 94 செ.மீ. பெய்தது. அதே நகரத்தின் தென்முனையில் உள்ள கொலாபாவில் 7 செ.மீ. 'மும்பை மழை' என்று எந்த எண்ணைக் காப்பீட்டுத் தொகையின் பக்கத்தில் எழுதுவது?

உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாக ஓதப்படும் வெள்ளம் 2011ன் தாய்லாந்து வெள்ளம். இந்த வாதத்தில் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு வடக்குத் தாய்லாந்தில் பருவமழை வழக்கத்தைவிடக் கூடுதல். வரிசையாக வந்த புயல்களின் எச்சங்கள் அதை இன்னும் கூட்டின. பூமிபோல், சிரிகித் என்ற இரு பெரிய அணைகளும் அக்டோபருக்குள் விளிம்பு வரை நிரம்பின. பிறகு சாவ் பிரயா ஆற்றின் நீர் வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சமவெளியில் இறங்கி, அயுத்தயா, பதும் தானி மாகாணங்களில் இருந்த ஏழு தொழிற்பேட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. ரோஜனா பேட்டையில் ஹோண்டா தொழிற்சாலையின் முற்றத்தில் வரிசையாக நின்ற புதுக் கார்களின் கூரைகள் மட்டும் நீருக்கு மேல் தெரிந்த படம் உலகத்தைச் சுற்றி வந்தது. பாங் பா-இன்னில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை மூழ்க, உலகம் முழுவதும் கணினி ஹார்டு டிஸ்க் விலை ஏறியது.

மொத்தச் சேதமும் இழப்பும் 4,600 கோடி டாலருக்கு மேல் என்று உலக வங்கி கணக்கிட்டது. காப்பீடு ஏற்ற பங்கை 1,200 கோடியிலிருந்து 1,600 கோடி டாலர் வரை மறுகாப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பிட்டன. ஆற்று வெள்ளத்துக்கு அதுவரை உலகில் எங்கும் கொடுக்கப்படாத தொகை. அப்படியானால் மழையும் அதுவரை எங்கும் பெய்யாத மழையாக இருந்திருக்க வேண்டுமே? நெதர்லாந்தின் அரச வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ட் யான் வான் ஓல்டன்போர்க்கும் கூட்டாளிகளும் இதைத்தான் ஆராய்ந்து 2012ல் வெளியிட்டார்கள். ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த மழை அவ்வளவு அரிதானதாக இல்லை. ஆற்றமைப்பில் வந்த மாற்றமும், வெள்ளத்துக்கு ஆளாகும் நிலத்தில் இழப்பதற்கு இருந்தவை கூடியதும்தான் பெரிய காரணங்கள் என்பது அவர்களின் முடிவு. முந்தைய தலைமுறையின் வெள்ளங்களில் அயுத்தயாவின் நெல் வயல்கள் மூழ்கின. நெல்லுக்கு வெள்ளம் ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. வயலை மேடாக்கிச் சுவர் எழுப்பி அதில் ஜப்பானிய நிறுவனங்களின் துல்லியக் கருவிகளை வைத்த பிறகு அதே நீர் பெருங்கிளைமாக மாறியது. அந்தத் தொழிற்சாலைகளில் பல காப்பீட்டை ஒழுங்காக எடுத்து வைத்திருந்தவை.

அதற்கு அடுத்து நடந்தது இன்னும் பாடம் தருவது. வெள்ளத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் தாய்லாந்தில் வெள்ளத்துக்கான பொறுப்புக்கு உச்சவரம்பு வைத்தன, பிரீமியம் எகிறியது, 2012ல் அரசே 5,000 கோடி பாட் கொண்ட பேரிடர்க் காப்பீட்டு நிதியைத் தொடங்க வேண்டி வந்தது. ஆக, மறு ஆண்டே அதே மழை அதே இடத்தில் பெய்து அதே ஆலைகள் மூழ்கியிருந்தாலும் காப்பீட்டு இழப்பு முந்தைய தொகையை எட்டியிருக்காது. ஒப்பந்தத் தாளில் ஒரு வரி மாறியதற்கே இப்படிக் குறையும் எண்ணை மழையின் சாட்சியாக எப்படி ஏற்பது?

இரண்டு கடைக்கோடிகளையும் பார்த்துவிடலாம். 2011 ஜூலை 2 மாலை டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இரண்டு மூன்று மணி நேரத்தில் சுமார் 15 செ.மீ. பெய்தது. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழையின் ஒரு நாளில் 15 செ.மீ. என்றால் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். கோபன்ஹேகனில் அது 100 கோடி டாலருக்கு மேல் கிளைமாக வந்தது. சென்னையை ஒரு மாதம் வாட்டிய மழைகளின் தொகையைவிட அதிகம். காரணம், வீடுதோறும் பாலிசி, வீடுதோறும் நிலவறை, நிலவறை முழுக்கப் பொருள், பழைய கழிவுநீர்க் குழாய்கள். மறுபுறம் 2022ன் பாகிஸ்தான். ஆகஸ்டில் சிந்து மாகாணத்தில் வழக்கமான மழையைப்போல் ஏழெட்டு மடங்கு பெய்தது. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள், 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், சேதமும் இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். காப்பீடு செய்யப்பட்ட இழப்பு ஏறக்குறைய எதுவுமே இல்லை. மழைக்கும் காப்பீட்டு இழப்புக்கும் நேர்கோட்டு உறவு காண விரும்புகிறவர் இந்த இரண்டு புள்ளிகளையும் ஒரே தாளில் குறித்துப் பார்க்கட்டும். கோடு தலைகீழாகத்தான் விழும்.

நாடுகளை ஒப்பிடுவது நியாயமில்லை, ஒரே ஊரில் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் உறவு தெரியும் என்று ஒருவர் சொல்லக்கூடும். அங்கேயும் எண்ணுக்குள் வேறு விஷயங்கள் புகுந்துகொள்கின்றன. அடுக்குமாடியின் தரைக்கீழ்த் தளத்தில் கார் ஒன்று பாதி மூழ்கி நிற்கிறது. தண்ணீர் வடிந்ததும் உரிமையாளர் பதற்றத்தில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துபார்க்கிறார். காற்றுக் குழாய் வழியே நீர் இன்ஜினுக்குள் போய், பிஸ்டன் அமுக்க முடியாத நீரை அமுக்கப் பார்த்து, கனெக்டிங் ராடு வளைந்துவிடுகிறது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்து, இது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் அல்ல, பின்விளைவு என்று எழுதுவார். இன்ஜினுக்கெனத் தனியாகக் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் பணம் வரும், இல்லையென்றால் இருக்கை விரிப்பும் மின்கம்பிகளும் மாற்றிய செலவோடு சரி. பக்கத்தில் அதே ஆழத்தில் நின்ற இன்னொரு காரின் உரிமையாளர் சாவியைத் தொடாமல் இழுவை வண்டி வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோயிருப்பார். ஒரே மழை, ஒரே தண்ணீர், இரண்டு வேறு தொகைகள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கோ கிளைமே கிடையாது.

கடைக்காரர் கதை வேறு. 40 லட்ச ரூபாய்ச் சரக்கை 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 10 லட்சம் நட்டமானாலும் பாதிதான் கைக்கு வரும். குறைக் காப்பீட்டுக்கான கழிவு அது. தீக் காப்பீட்டில் புயல், வெள்ளம், நீர்சூழ்தல் ஆகிய அபாயங்களை விட்டுவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளும் வழியும் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அப்படி மிச்சம் பிடித்த கிடங்கு முழுக்க மூழ்கினாலும் அட்டவணையில் வராது. 2021ல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுப் பாலிசி வந்ததும் நல்ல மாற்றம்தான். ஆனால் அது பரவினால் வருங்காலத்தில் கிளைம் தொகை மழை கூடாமலேயே கூடும். அப்போது 'வெள்ளம் பெருகிவிட்டது' என்று எழுதப் போகிறார்களா?

மறுகாப்பீட்டில் இன்னொரு விதி இருக்கிறது. ஒரு பேரிடர் எத்தனை மணி நேரம் நீடித்தால் அதை ஒரே நிகழ்வு என்று எண்ணுவது என்பதை ஒப்பந்தமே வரையறுக்கும். வெள்ளத்துக்குப் பொதுவாக 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். சென்னையின் 2015ஐ எடுத்துக்கொண்டால் நவம்பர் நடுவில் ஒரு மழை, 23ல் ஒரு மழை, டிசம்பர் 1ல் பெருமழை. வானிலைக்காரருக்கு அது ஒரே பருவத்தின் தொடர்ச்சி. ஏரிக்கும் அப்படியே, முதல் மழையில் நிரம்பியதால்தான் கடைசி மழையைத் தாங்க முடியவில்லை. ஒப்பந்தக்காரருக்கோ அவை வெவ்வேறு நிகழ்வுகள், தொகையும் அப்படியே பிரியும்.

இந்த வாதத்தைக் கேட்டதும் எழும் எதிர்ப்பு ஒன்றுண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மழை கடுமையாகி வருவதை மறைக்கவா இவ்வளவும் என்று கேட்பார்கள். இல்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் கனமழை கூடியிருப்பதை அளவீடுகள் காட்டுகின்றன. காயல்பட்டினத்தின் 95 செ.மீ. யாரையும் உலுக்க வேண்டியது. அந்த மாற்றத்தை நிறுவுவதற்கு மழைமானிகள் இருக்கின்றன, ஆற்றின் நீரோட்டப் பதிவுகள் இருக்கின்றன. கிளைம் தொகையை அதற்குச் சாட்சியாகக் கூப்பிட்டால், வீடுகளும் வாகனங்களும் பாலிசிகளும் பெருகியதைச் சுட்டிக்காட்டி எதிர்த் தரப்பு ஒரே கேள்வியில் அந்தச் சாட்சியை உடைத்துவிடும். மெய்யான ஆபத்துக்குப் பொய்ச் சாட்சி வேண்டாம்.

மழையின் பங்கு எவ்வளவு என்று நேர்மையாகப் பிரித்துப் பார்க்கவும் முடியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ல் அமெரிக்காவின் 1988 முதல் 2017 வரையான வெள்ளச் சேதத்தை எடுத்து, மழை மாறியதால் வந்த பங்கைத் தனியே கணக்கிட்டார்கள். கிடைத்த விடை 36 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். சிறிய எண் அல்ல. மீதி 64 சதவீதத்தை அந்த மழை மாற்றத்தின் கணக்கில் எழுத முடியாது. 'மழை கூடியது, கிளைம் கூடியது' என்ற ஒற்றை வாக்கியம் மறைப்பது இந்தப் பெரும்பகுதியைத்தான்.

மறைப்பதால் யாருக்கு லாபம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏரிப் படுகையில் லே-அவுட்டுக்கு ஒப்புதல் தந்தவருக்கு 'வரலாறு காணாத மழை' என்ற சொல் நல்ல குடை. கால்வாயைத் தூர்வாரியதாகக் கணக்கெழுதியவருக்கும் அப்படியே. ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் 2021 ஜூலை வெள்ளம் வந்தபோது அதிகாரிகள் இப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததில்லை என்றார்கள். ஆனால் அதே பள்ளத்தாக்கில் 1804லும் 1910லும் பெருவெள்ளங்கள் வந்தது ஊர் ஆவணங்களில் இருந்தது. வெள்ள அபாய வரைபடம் தயாரித்தவர்கள் அண்மைக் கால அளவீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பழைய ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். பள்ளத்தாக்கில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இப்போது இந்தத் தவறான எண்ணம் செய்தியோடு நிற்காமல் பாலிசிக்குள்ளேயே நுழைகிறது. மழை இத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால் சர்வேயர் வராமலேயே பணம் தரும் காப்பீடு வந்திருக்கிறது. நாகாலாந்து அரசு 2021ல் அதிகமழைக்கு அப்படியொன்றை எடுத்தது. விரைவாகப் பணம் கிடைக்கும் என்பதால் அந்த முறையை ஒதுக்கிவிட முடியாது. குடிசைவாசிக்கு எந்தப் பாலிசியும் இல்லாத நாட்டில் அது பெரிய உதவியாகவும் அமையலாம். ஆனால் அளவுகோலை மழைமானியோடு மட்டும் கட்டிப்போட்டால், அடையாற்றங்கரையில் இருப்பவருக்கு மீனம்பாக்கத்து மழைமானியை வைத்துப் பணம் தீர்மானிக்கப்படும். அவர் வீட்டுக்குள் வரும் நீரோ மணிமங்கலத்து ஏரியிலிருந்தும் செம்பரம்பாக்கத்து மதகிலிருந்தும் வரும். ஆற்றின் நீர்மட்டத்தையும் ஏரித் திறப்பையும் அளவுகோலில் சேர்க்காத எந்த ஏற்பாடும் அவருக்குத் தண்ணீர் வந்த அன்று கைவிரிக்கும், தண்ணீர் வராத அன்று பணம் தரும்.

இதைச் சரிசெய்யத் தேவையான விவரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பு தன் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய கிளைம்களைப் பெயர், முகவரி நீக்கி 2019ல் பொதுவில் வைத்தது. எந்த வட்டாரத்தில், எந்த ஆண்டு கட்டிய வீட்டில், எவ்வளவு சேதம் என்று எவரும் பார்க்கலாம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நினைத்தால் 2015 சென்னை, 2018 கேரளம், 2023 தூத்துக்குடி கிளைம்களை அஞ்சல் குறியீடு வாரியாக, பாலிசி எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து வெளியிடச் சொல்ல முடியும். அந்தத் தாளை ஏரிகளின் பழைய வருவாய்த் துறை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், எந்த ஆண்டு எந்த ஏரிக்குள் எழுந்த எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை கிளைம் வந்தது என்று தெருத் தெருவாகச் சொல்லிவிடலாம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மேசையில் அடுத்த லே-அவுட் கோப்பு வருவதற்கு முன் அந்தத் தாள் அங்கே இருக்க வேண்டும்.